நடந்தோர் விழுக்காடு: நூறு

டைல்ஸ்காரர் தான் பதித்த தரை கோடு பிசகாமல் இருக்கிறதா என்று பார்க்க இரண்டடி பின்னால் நகர்ந்தார். மூன்றாவது அடிக்குத் தரை இல்லை. கைப்பிடிச் சுவர் இன்னும் எழும்பாத மாடிப்படித் திருப்பம் அது. ஆறடி கீழே வலது கால் முதலில் போய்ச் சேர்ந்தது. மீதி உடம்பு அதன்மேல் வந்து இறங்கியது. வலி வந்து சேர்வதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அந்த இடைவெளியில் அண்ணாந்து பார்த்தவர், ஓரத்து வரிசை ஒரு நூல் விலகியிருப்பதைக் கவனித்தார்.

அவருக்கு நாற்பத்தாறு வயது. இருபத்துநான்கு வருடமாக மண்டிபோட்டே பிழைத்தவர். யாரையும் கும்பிட்டு அல்ல, தரையைப் பார்த்து.

பெரிய மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். அறுவை மருத்துவர் ஒல்லியான பெண்மணி. பேச்சை அளந்து செலவழிக்கிறவர். படத்தை வெளிச்சத்தில் மாட்டி, முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பின் தலையைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"தொடை எலும்பு வந்து உட்கார்ற மேடை இது. சமமா இருக்கணும். உங்களுக்கு வெளிப்பக்கத்துத் துண்டு ஒரு சென்டிமீட்டர் கீழ இறங்கிடுச்சு."

டைல்ஸ்காரர் வலியை மறந்து படத்தைப் பார்த்தார். "அத அப்படியே நெம்பி மேல தூக்கினா அடியில வெத்தா நிக்குமே டாக்டர். ஏதாவது அடைக்கணும். இல்லேன்னா ஆள் ஏறினதும் மறுபடி உட்கார்ந்துடும்."

மருத்துவர் திரும்பி முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

"என் மாணவர்களுக்கு இது புரிய ரெண்டு மாசம் ஆகுது" என்றார். "ஆமா. அடியில எலும்புத் துகள் அடைப்போம். பக்கவாட்டுல ஒரு தகடு, ஆறு ஸ்க்ரூ."

"காயற வரைக்கும் மிதிக்கக் கூடாது."

"கூடாது. பத்து வாரம். ஆனா மடக்கணும். மடக்காம வச்சிருந்தா மூட்டு இறுகிப் போயிடும். தொண்ணூறு டிகிரி மடங்கினா நாற்காலியில உட்காரலாம். உங்க வேலைக்கு நூத்தி இருபதாவது வேணும்."

தொழில் தெரிந்த ஆளிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று டைல்ஸ்காரருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நினைப்பில் தவறில்லை. மருத்துவர் வேறு, மருத்துவமனை வேறு என்பது மட்டும்தான் அவருக்கு அப்போது தெரியாது.

வீக்கம் வடியாமல் கத்தி வைக்க முடியாது என்று எட்டு நாள் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுக்கப் போட்டார்கள். ஒன்பதாம் நாள் அறுவை முடிந்தது. இறங்கிய துண்டைத் தூக்கி, அடியில் அடைத்து, தகடு வைத்து முடுக்கிவிட்டார்கள். மறுநாள் காலை மருத்துவர் வந்து புதுப் படத்தைக் காட்டினார். டைல்ஸ்காரர் கண்ணைச் சுருக்கி மேடையின் மட்டத்தைப் பார்த்தார். ஒரு நூல்கூட விலகவில்லை.

"நல்ல கை" என்றார்.

மருத்துவர் சிரித்ததை அந்த வார்டில் அன்றுதான் பார்த்ததாகச் செவிலியர்கள் சொன்னார்கள். அவர் குறிப்பேட்டில் 'பத்து வாரம் கால் ஊன்றக் கூடாது' என்று எழுதிவிட்டு அடுத்த காலைப் பார்க்கப் போனார்.

அதற்கடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு நடை அலுவலர் வந்தார்.

நடை அலுவலர் என்ற பதவி அந்த மருத்துவமனையில் மட்டுமே உண்டு. இயக்குநர் 'எழுந்து நட' என்றொரு இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். அறுவை முடிந்தவர்கள் எல்லோரும் இரண்டாம் நாள் கட்டிலைவிட்டு எழுந்து, வார்டின் நீளத்துக்கு ஐம்பது மீட்டர் நடந்தாக வேண்டும். குடல் அறுத்தவர், கண் அறுத்தவர், விரல் அறுத்தவர் எல்லோருக்கும் அதே ஐம்பது மீட்டர்தான். ஒவ்வொரு வார்டு வாசலிலும் ஒரு பலகை தொங்கியது. அதில் 'நடந்தோர் விழுக்காடு' என்று எழுதி, பக்கத்தில் எண்ணை மாற்றி மாற்றி மாட்டக் கொக்கி வைத்திருந்தார்கள். எலும்பு வார்டின் எண் அன்று தொண்ணூற்றெட்டு.

நடை அலுவலர் அதற்கு முன்பு வாகனம் நிறுத்துமிடத்தில் பொறுப்பாளராக இருந்தவர். நிற்பவற்றைக் கவனித்துக்கொண்டிருந்த என்னை நடப்பவர்களைக் கவனிக்க உயர்த்தினார்கள் என்று அவரே பெருமையாகச் சொல்வார். மரியாதையான மனிதர். கையில் கணினிப் பலகை. அதிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசுவார்.

"வணக்கம் சார். இன்னிக்கு உங்க நாள். எழுந்திருக்கலாமா?"

"டாக்டர் கால ஊன்ற வேண்டாம்னு சொல்லியிருக்காங்க சார். பத்து வாரம்."

"அப்படி எதுவும் இல்லையே. 'பத்து வாரம் கால் ஊன்றக்' அப்படின்னுதான் இருக்கு."

"ஊன்றக்?"

"ஆமா. அந்தக் கட்டத்துல பன்னிரண்டு எழுத்துதான் ஏறும்."

டைல்ஸ்காரரின் மனைவி கட்டிலின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குடிநீர் வாரியத்தின் புகார்த் தொலைபேசியில் பதினோரு வருடமாகப் பேசிக்கொண்டிருப்பவர். இந்த மாதிரிக் கட்டங்கள் அவருக்குப் புதிதல்ல.

"க் வந்திருக்குல்ல சார். அப்ப அதுக்குப் பின்னாடி ஒரு சொல் இருக்குன்னுதானே அர்த்தம்."

"இருக்கலாம் மேடம். என்ன சொல்லுன்னு எப்படிச் சொல்ல முடியும்? ககரத்துல எத்தனையோ சொல்லு இருக்கு. கட்டாயம்னு வரலாம். கடமைன்னு வரலாம்."

"கூடாதுன்னும் வரலாமே."

நடை அலுவலர் யோசித்தார். நியாயமாக யோசித்தார் என்றே சொல்ல வேண்டும். "வரலாம். ஆனா நம்ம இயக்கம் நேர்மறையான இயக்கம் மேடம்."

படிவத்தில் இரண்டே கட்டங்கள் இருந்தன. 'நடந்தார்', 'நடக்க மறுத்தார்'. நடக்கக் கூடாதவர் என்று ஒரு வகை உண்டாவதை இயக்கம் எதிர்பார்க்கவில்லை. டைல்ஸ்காரர் நடக்க மறுத்தவர் ஆனார். பலகையில் தொண்ணூற்றெட்டு கீழே இறங்கி தொண்ணூற்றேழு ஏறியது. ஐந்தாம் கட்டில், ஒன்பதாம் கட்டிலெல்லாம் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தன.

மறுத்தவர்களுக்கென்று மனத்தடை நீக்கும் பிரிவு ஒன்று இருந்தது. அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். இளநீலத் திரை போட்ட அறையில் மென்மையான குரலுள்ள ஒரு பெண் உட்கார்ந்திருந்தார்.

"கண்ண மூடிக்குங்க. உங்கள நடக்கவிடாம தடுக்கறது எதுன்னு மெதுவா யோசிங்க."

டைல்ஸ்காரர் கண்ணை மூடி யோசித்தார். "தகடும் ஆறு ஸ்க்ரூவும்மா."

"அது வெளியில தெரியற காரணம். உள்ள என்ன இருக்கு?"

"அதான்மா உள்ள இருக்கு."

அவர் குறிப்பில் 'ஆழமான தடை' என்று எழுதி, இன்னும் மூன்று முறை வரச் சொன்னார்.

அடுத்து அவருக்கு நம்பிக்கையூட்ட ஒரு குறும்படம் போட்டார்கள். கடற்கரையில் ஒருவர் நடந்து போகிறார். வெகுதூரம் போகிறார். எங்கே போகிறார் என்பது கடைசிவரை தெரியவில்லை. திரும்பக் கட்டிலுக்கு வந்தபோது பக்கத்தில் ஊன்றுகோலைக் காணோம். நடைக்கு மாற்றாக எதையும் நோயாளியின் கண்ணில் படும்படி வைக்கக் கூடாது என்று புதுச் சுற்றறிக்கை வந்திருந்தது.

மனைவி அறுவை மருத்துவரைப் பார்க்க மூன்று மணி நேரம் காத்திருந்தார். மருத்துவர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தார்.

"நாலு தடவ எழுதிட்டேன்மா. 'கூடாது'ன்னு முதல்ல போட்டுப் பார்த்தேன். குறிப்பு எதிர்மறைச் சொல்லோட ஆரம்பிக்கக் கூடாதுன்னு கணினி திருப்பி அனுப்புது. வெட்ட என்ன விடுறாங்க, தைக்க விடுறாங்க. அந்தக் கட்டத்துல மூணு எழுத்து சேக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"நாங்க என்ன பண்றது டாக்டர்?"

"மிதிக்காம பாத்துக்குங்க. யார் சொன்னாலும். நான் சொன்னாலும்."

நான்காம் நாள் இயக்குநரே வார்டுக்கு வந்தார். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு புகைப்படக்காரர். தொண்ணூற்றேழு என்ற எண் அவரைத் தூங்கவிடவில்லை என்று முன்கூட்டியே செய்தி வந்திருந்தது. வெள்ளை முடியை அழகாகச் சீவியிருந்தார். வார்டின் நடுவில் நின்று, கட்டில்களைப் பார்த்துப் பேசினார்.

"நோயாளிக்கு உண்மையிலேயே குணமாச்சான்னு கண்டுபிடிக்கறது ரொம்பக் கஷ்டம். அதுக்கு நோயாளிகிட்ட பேசணும், வருஷக்கணக்கா காத்திருக்கணும். நடந்தாரா இல்லையான்னு கண்டுபிடிக்கறது சுலபம். அதனாலதான் நாம நடையத் தேர்ந்தெடுத்தோம். நான் இந்த நாற்காலிக்கு வந்தப்ப இந்த மருத்துவமனையில எத்தன பேரு குணமானாங்கன்னு யாருக்குமே தெரியாது. இன்னிக்கும் தெரியாது. ஆனா எத்தன பேரு நடந்தாங்கன்னு தசமப் புள்ளி வரைக்கும் தெரியும். இதத்தான் நான் முன்னேற்றம்னு சொல்றேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். கை உடைந்தவர்கள் கட்டில் கம்பியைத் தட்டினார்கள்.

இயக்குநர் டைல்ஸ்காரரிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "தொண்ணூத்தேழு பேரு உங்களுக்காகக் காத்திருக்காங்க. ஒரே ஒரு தடவ. ஐம்பது மீட்டர் வேண்டாம், அஞ்சு மீட்டர் நடங்க. மீதிய நாங்க போட்டுக்கறோம்."

டைல்ஸ்காரருக்கு நான்கு நாளாகச் சரியான தூக்கமில்லை. ஐந்தாம் கட்டில் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வது மனதை அறுத்தது. செவிலியர்கள் அவரால் தங்கள் விடுப்பு நின்றுபோனதாக முணுமுணுத்தார்கள். ஒரு மனிதன் இத்தனை பேரை எதிர்த்துக்கொண்டு எத்தனை நாள் படுத்திருக்க முடியும். நடந்து தொலைத்துவிடலாம், உடைந்தால் உடையட்டும் என்று தோன்றியது. அவர் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து வலது காலைத் தொங்கவிட்டார்.

பாதம் தரையைத் தொடவில்லை. நடுவில் ஒரு கை இருந்தது.

பிசியோ அம்மா கீழே குந்தி உட்கார்ந்து, தன் உள்ளங்கையைத் தரைக்கும் அவர் பாதத்துக்கும் நடுவில் வைத்திருந்தார். மூட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர், ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. குதிகால் தேய்ந்த செருப்பும் சாயம் போன மேலங்கியும் அவரது அடையாளம்.

"மிதிக்கறதா இருந்தா என் கைய மிதிங்க" என்றார், அவருக்கு மட்டும் கேட்கும் குரலில்.

டைல்ஸ்காரர் காலை மெல்ல மேலே எடுத்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. இயக்குநர் அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். "ஊழியர் நோயாளியின் பாதத்தத் தாங்கறாங்க. இதத்தான் நான் எதிர்பார்த்தேன். எடுங்க, எடுங்க" என்றார். புகைப்படக்காரர் எடுத்தார். அந்தப் படம் பின்னால் இயக்கத்தின் நாட்காட்டியில் வந்தது.

படம் வந்தது, நடை வரவில்லை. பலகை தொண்ணூற்றேழிலேயே நின்றது.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் அடுத்த கட்டில்காரர். லிப்ட்காரர் என்று வார்டில் கூப்பிடுவார்கள். முப்பத்தெட்டு வருடம் ஒரு பெரிய கட்டடத்தில் லிப்டுக்குள் நின்றபடியே மேலும் கீழும் போய்வந்தவர். ஓய்வுபெற்றபின் நடக்க ஆரம்பித்து, நடந்த வேகத்தில் வழுக்கி, மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்திருந்தார். அந்த இயக்கத்தை மனதார நேசித்த ஒரே நோயாளி அவர்தான்.

"தம்பி, அந்தப் பட்டையக் கழட்டிக் குடுங்க" என்றார்.

நோயாளிகளின் கையில் கட்டியிருக்கும் காகிதப் பட்டையில் கோடுகோடாக அச்சடித்திருக்கும். நடை அலுவலர் அதன்மேல் விளக்கைக் காட்டினால் கணினிப் பலகையில் ஆளின் பெயர் வரும். டைல்ஸ்காரர் இளைத்துப்போயிருந்ததால் பட்டை தானாகவே கழன்று வந்தது.

"எதுக்குண்ணே?"

"எனக்கு ஒரு ரவுண்டு பத்தல. உங்க கணக்குல இன்னொண்ணு போட்டுட்டு வரேன். படுத்துக்கிட்டே இருங்க."

நடை அலுவலர் பட்டையைப் பார்க்க வேண்டும் என்று விதியில் இருந்தது. முகத்தைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. லிப்ட்காரர் நல்ல கையில் பட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மாவுக்கட்டுப் போட்ட கை முன்னும் பின்னும் வீச, ஐம்பது மீட்டரை நாற்பத்தொரு விநாடியில் முடித்தார். பலகையில் தொண்ணூற்றேழு இறங்கியது. அன்று மாலைக்குள் கணக்கைத் திருத்தி, மீதிப் பின்னங்களையும் நிரப்பி, நூறு ஏறியது. இரண்டாம் நாள் நடந்ததாகவே தேதி போட்டுக்கொண்டார்கள். செவிலியர்கள் விடுப்பில் போனார்கள். ஐந்தாம் கட்டில் டைல்ஸ்காரருக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்தனுப்பியது. ஊன்றுகோலும் திரும்பி வந்தது. மறுநாள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் ஆறு வாரம் அவர் காலைத் தரையில் வைக்கவில்லை. குளியலறைக்கு ஒற்றைக் காலில் தத்திப் போனார். மனைவி வேலைக்குப் போகும்முன் குடத்தில் தண்ணீர், பக்கத்தில் வானொலி, கைக்கெட்டும் தூரத்தில் ஊன்றுகோல் என்று எல்லாவற்றையும் கட்டிலைச் சுற்றி வரிசையாக வைத்துவிட்டுப் போவார். சொல்லிக்கொடுத்தபடி காலை மடக்கப் பார்த்தார். ஐம்பது டிகிரிக்குமேல் போகவில்லை. அதற்குமேல் மடக்க ஒரு தெரிந்த கை வேண்டும். தானே அமுக்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ஆறாவது வாரம் மருத்துவமனையில் எடுத்த படத்தில் எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. மூட்டு மட்டும் துருப்பிடித்த கீல்போல நின்றுவிட்டது.

"இன்னும் ஒரு மாசம் இப்படியே விட்டா அப்புறம் கஷ்டம்" என்று அறுவை மருத்துவர் சொன்னார். உடனே பயிற்சிப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார். சீட்டு அதே நாளில் திரும்பி வந்தது.

மனைவி பயிற்சிப் பிரிவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். காத்திருக்கும்போது வரும் இசையைக் கேட்டதும் எத்தனை நிமிடம் ஆகும் என்பது அவருக்குத் தெரிந்தது. பதினேழாவது நிமிடம் ஒரு குரல் வந்தது.

"உங்க பொறுமைக்கு நன்றி. நோயாளி இரண்டாம் நாளே ஐம்பது மீட்டர நாற்பத்தொரு விநாடியில நடந்திருக்கார். இது மருத்துவமனைச் சாதனை. அவருக்குப் பயிற்சி தேவைப்படாது."

"அவரு இன்னும் ஒரு அடிகூட நடக்கலம்மா."

"உங்க கருத்து எங்களுக்கு முக்கியம்."

மனைவி தொலைபேசியை வைத்தார். "இதே வாக்கியத்த நான் ஒரு நாளைக்கு அறுபது தடவ சொல்றேங்க" என்றார். "எதிர்ல இருக்கறவங்களுக்கு இப்படித்தான் இருக்கும் போலிருக்கு."

குணமாகவில்லை என்று சொல்கிறவர்களை விசாரிக்க ஒரு குழு இருந்தது. 'குணமடையாமை கோரிக்கைக் குழு' என்று பெயர். மூன்றாம் மாடியில் கூடியது. லிப்டு பழுது. ஏழாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை டைல்ஸ்காரர் படிகளில் உட்கார்ந்து, கைகளை ஊன்றிப் பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏறினார். மனைவி காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். சாட்சி சொல்ல வந்த லிப்ட்காரர், லிப்டு நின்றுபோனதைத் தன் சொந்த அவமானமாக எடுத்துக்கொண்டு, ஊன்றுகோல்களைச் சுமந்து பின்னால் ஏறினார்.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற கண் மருத்துவர். காகிதங்களைப் புரட்டினார்.

"நடக்க முடியலன்னு சொல்றீங்க. மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க."

"உட்கார்ந்துட்டே ஏறினேன் ஐயா."

"எப்படி ஏறினீங்கன்னு படிவத்துல கேள்வி இல்ல. சரி. நடக்க முடியலங்கறத நிரூபிக்க நடந்து காட்டுங்க."

"இன்னும் மூணு வாரத்துக்கு மிதிக்கக் கூடாதுய்யா. எனக்கு நடக்கறது பத்தி ஒண்ணும் வேண்டாம். மடக்கறதுக்குத்தான் ஆள் கேக்கறேன். மடங்கலேன்னா என் தொழில் போச்சு."

"முயற்சி பண்ணித் தோத்தா அது இயலாமை. முயற்சியே பண்ணலேன்னா அது மறுப்பு. மறுப்ப விசாரிக்கற குழு வேற, அது வெள்ளிக்கிழமை."

அப்போது லிப்ட்காரர் எழுந்து நின்றார். "ஐயா, அன்னிக்கு நடந்தது நான். அவரு பட்டையப் போட்டுக்கிட்டு நடந்தேன். பாவமா இருந்துச்சு. தப்பு என்மேலதான்."

குழுவினர் மூன்று பேரும் தலைகளை ஒன்றாக வைத்துக் கால் மணி நேரம் கிசுகிசுத்தார்கள். பிறகு தலைவர் வருத்தத்தோடு பேசினார்.

"இது சிக்கல். இரண்டாம் நாள் நடக்காதவங்க இந்த மருத்துவமனையில யாரும் இல்ல. நூறு விழுக்காடு. மேலிடம் வரைக்கும் போயாச்சு. இவரு நடக்கலேன்னா இவரு இங்க இருந்ததே இல்லன்னு ஆகுது."

"அப்ப என் கால்ல இருக்கறது?" என்றார் டைல்ஸ்காரர்.

"அதத்தான் நானும் யோசிக்கறேன். எங்க தகடு ஒண்ணு, ஸ்க்ரூ ஆறு. பதிவுல இல்லாத ஒருத்தர்கிட்ட எப்படி வந்துச்சுன்னு விசாரிக்க வேண்டியிருக்கும். இந்தப் பெரியவரும் அனுமதி இல்லாம ஐம்பது மீட்டர் கூடுதலா நடந்திருக்கார். அவரையும் கேக்கணும்."

லிப்ட்காரர் மெல்ல உட்கார்ந்தார்.

"நான் யாரையும் பயமுறுத்தல" என்று தலைவர் தொடர்ந்தார். "நானும் இந்த நாற்காலியில ஆறு வருஷமா இருக்கேன். குணமாகலேன்னு வந்தவங்க எல்லாரும் இந்த அறையைவிட்டுக் குணமாகித்தான் போயிருக்காங்க. அதுவும் நூறு விழுக்காடுதான்."

ஒரு தாளை நீட்டினார். 'நான் இரண்டாம் நாள் நடந்தேன்' என்று ஒரே வரி. டைல்ஸ்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி ஜன்னலைப் பார்த்தார். லிப்ட்காரர் தன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். டைல்ஸ்காரர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். சிறிய கையெழுத்து. ஆனாலும் போட்டு முடிக்க வெகுநேரம் ஆனதுபோல இருந்தது.

"வாழ்த்துகள்" என்றார் தலைவர். "சாதனைக்காக உங்களுக்குக் கேடயம் உண்டு. அடுத்த வாரம் நடை வாரம். முதல் நாள் விழாவுக்கு வந்துடுங்க."

கீழே இறங்குவது ஏறியதைவிடக் கடினமாக இருந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூன்று பேரும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மனைவி அவர் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "உட்கார்ந்துக்கிட்டே பாக்கற வேலை எதுனா தேடிக்கலாங்க."

"ம்" என்றார் அவர்.

துணி மூட்டையோடு மேலே ஏறி வந்த பிசியோ அம்மா அவர்களைப் பார்த்து நின்றார். எதையும் கேட்கவில்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அங்கேயே குனிந்து டைல்ஸ்காரரின் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல அசைத்துப் பார்த்தார்.

"ஐம்பத்திரண்டு" என்றார். "இன்னும் வழி இருக்கு. நடை வாரம் ஏழு நாளும் வாங்க. பத்து மணிக்கு. விழா அரங்கத்துக்குப் பின்னாடி பழைய துணி வைக்கற அறை இருக்கு. தட்டாம உள்ள வந்துடுங்க."

"விழா நேரத்துல ஏம்மா?" என்று மனைவி கேட்டார்.

"மத்த நாள்ல சத்தம் வெளியில கேக்குது."

நடை வாரத்தின் முதல் நாள் மருத்துவமனை வாசலில் வளைவு கட்டியிருந்தார்கள். எல்லோரும் அரங்கத்தை நோக்கிப் போனார்கள். டைல்ஸ்காரரும் மனைவியும் பக்கத்து நடைவழியில் திரும்பி, துணி அறைக் கதவைத் தள்ளினார்கள்.

உள்ளே பதினோரு பேர் இருந்தார்கள். போர்வை மூட்டைகளின்மேல் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார்கள். முழங்கால், கணுக்கால், இடுப்பு. பேருந்து ஓட்டுகிற ஒருவர். கண்ணாடி துடைக்கிற வேலை பார்க்கும் பெண் ஒருவர். மனத்தடை நீக்கும் பிரிவின் மென்மையான குரல்காரி, ஈரத் தரையில் சறுக்கியவர், ஓரமாக ஒரு மூட்டையில் உட்கார்ந்து யார் கண்ணையும் பார்க்காமல் இருந்தார். எல்லோருமே இரண்டாம் நாள் நடந்தவர்கள். டைல்ஸ்காரருக்கு நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

பிசியோ அம்மா கதவைச் சாத்தினார். "அமுக்கறப்ப வலிக்கும். கத்தத் தோணும். கைதட்டல் வர வரைக்கும் பல்லக் கடிச்சுக்குங்க. கைதட்டறப்ப கத்திக்கலாம்."

"கைதட்டலேன்னா?" என்றார் பேருந்துக்காரர்.

"டாக்டர் முதல் வரிசையில இருக்காங்க. அவங்க பாத்துப்பாங்க."

சுவருக்கு அப்பால் ஒலிபெருக்கி கரகரத்தது. இயக்குநர் பேசத் தொடங்கினார். நூறு என்ற எண்ணைத் தொட்டுவிட்டதால் இயக்கம் ஓய்ந்துவிடாது என்றார். அடுத்த ஆண்டு நூற்றைந்தை எட்டுவோம் என்றார். அரங்கில் ஒருவர் மட்டும் முதலில் கைதட்டும் ஒலி கேட்டது. பிறகு எல்லோரும் தட்டினார்கள். பிசியோ அம்மா டைல்ஸ்காரரின் கணுக்காலைப் பிடித்து உள்ளே தள்ளினார். அவர் கத்தினார். அவர் சொல்லிக்கொடுத்திருந்தபடி மற்றவர்களும் ஒருவர் காலை ஒருவர் அமுக்க, பன்னிரண்டு பேரும் கத்தினார்கள். மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து கத்தினார், தனக்கு எங்கும் வலிக்காதபோதும்.

கைதட்டல் நின்றது. அவர்களும் நின்றார்கள்.

"அறுபத்தொண்ணு" என்றார் பிசியோ அம்மா.

பிறகு சாதனையாளர் பெயரை அறிவித்தார்கள். ஐம்பது மீட்டர், நாற்பத்தொரு விநாடி. மேடைக்கு அழைத்தார்கள். சிறிது நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு விறுவிறுவென்று யாரோ படியேறும் சத்தம், அதையடுத்து ஒலிபெருக்கியில் லிப்ட்காரரின் குரல். "அவரு சார்பா நான் வாங்கிக்கறேன். எனக்கு இது பழக்கம்தான்."

அரங்கம் சிரித்துக் கைதட்டியது. முதலில் தட்டிய அந்த ஒருவர் எல்லோரும் நிறுத்தியபின்னும் தட்டிக்கொண்டேயிருந்தார். வேறு வழியில்லாமல் மற்றவர்களும் மறுபடி சேர்ந்துகொண்டார்கள். அது நீண்ட கைதட்டல். மருத்துவமனை வரலாற்றில் அவ்வளவு உணர்ச்சியோடு எழுந்த ஆரவாரம் இல்லை என்று இயக்குநர் பின்னால் அறிக்கையில் எழுதினார்.

"எழுபது" என்றார் பிசியோ அம்மா. அவர் நெற்றியிலும் வேர்த்திருந்தது. "இன்னிக்குப் போதுமா?"

டைல்ஸ்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சுவருக்கு அப்பால் இயக்குநர் இரண்டாம் பகுதிக்கு வருவதாகச் சொன்னார். தாள்களைப் புரட்டுவது கேட்டது.

"இன்னும் எத்தன பேரு பேசணும்மா?"

"நாலு பேரு இருக்காங்க."

"பேசட்டும்" என்றார் டைல்ஸ்காரர். காலை அவரிடம் நீட்டினார்.